ஒன்பதில் நான்கு

நான் வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது, ஐயா. கருவுக்கு வாசனை ஆகாது. குழந்தைப்பேறு மருத்துவமனையின் லேபில் எனக்கு வேலை. கருமுட்டையையும் விந்தணுவையும் தட்டில் சேர்த்து, ஐந்து நாள் பெட்டியில் வைத்துக் காப்பேன். "கோழி செய்யற வேலைக்கு இவ்வளவு படிப்பாக்கா?" என்று என் தங்கை கேலி செய்வாள்.

அவளுக்காகத்தான் செய்தேன். மூன்று தடவை சிகிச்சை எடுத்தும் அவளுக்குக் கரு தங்கவில்லை. மாமியார் சாடை பேசத் தொடங்கியிருந்தார். நான்காம் தடவை, முட்டை எடுக்கும் நாளன்று, என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உள்ள நீதானே இருப்ப? பாத்துக்கோக்கா."

பார்த்தேன். மூன்று முட்டைகள் வந்தன. மூன்றும் சிதைந்திருந்தன.

அடுத்த கட்டிலில் ஒரு தையல்காரி. இருபத்தொன்பது வயது. அவளுக்கு ஒன்பது. எத்தனை வந்தது என்று நான் சொன்னால்தான் மருத்துவருக்கே தெரியும். ஐந்து என்றேன். நான்கைத் தங்கையின் தட்டுக்கு மாற்றினேன். பெரிய பங்கைத் தையல்காரிக்கே விட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவர் பார்க்காமலே போட்டார். என்மேல் அத்தனை நம்பிக்கை.

தங்கைக்குக் கரு தங்கியது. தையல்காரிக்குத் தங்கவில்லை.

"என் முட்டையில ஏதாச்சும் கோளாறா மேடம்?" என்று கேட்டாள்.

"தரம் கொஞ்சம் கம்மிம்மா. உடம்ப வருத்திக்காதீங்க, போதும்" என்றேன். இன்னொரு முறை வந்தால் இன்னொரு முறையும் ஒன்பது வரும்; யாராவது பழைய தாளைப் புரட்டுவார்கள். அவள் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வரவேயில்லை.

தங்கை மகளுக்கு இப்போது ஏழு வயது. பள்ளிச் சீருடையைத் தையல்காரியின் கடையில்தான் தைக்கக் கொடுப்பேன். வருடம் ஒருமுறையாவது அவள் கை குழந்தைமேல் படட்டும் என்றுதான். "கொஞ்சம் அசையாம நில்லு கண்ணு. அப்படியே நான் சின்னதுல துள்ளுன மாதிரியே துள்ளுதே" என்பாள். அவள் தோளுக்கு அளவெடுக்கும்போது நான் சுவரைப் பார்ப்பேன். குற்ற உணர்ச்சி இல்லையா என்று கேட்டீர்களே. அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன் குழந்தைக்குக் காய்ச்சல். ரத்தம் சோதித்ததில் பி வகை என்று வந்தது. அப்பா, அம்மா இருவருமே ஓ; அவர்களுக்கு பி பிறக்க வழியில்லை. தங்கையின் கணவர் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டார்: "யாரோட புள்ள இது?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லுக்கா. உன் கையாலதானே உண்டாச்சு."

"ரிப்போர்ட்டு தப்பா இருக்கும்" என்றேன்.

அவர் அவளைக் குழந்தையோடு வெளியே அனுப்பினார். இருவரும் என் வீட்டில்தான் இருந்தார்கள். தங்கை சாப்பிடவில்லை, ஊட்டிவிட்டேன். உண்மையை மட்டும் நான் சொல்லவில்லை. அவளை அவமானப்படுத்துவதற்கென்றே அவர் மரபணுச் சோதனை செய்தார். முடிவு வந்தது. அப்பா அவர்தான். அம்மா என் தங்கை இல்லை.

அடுப்படியில் நின்று அதைப் படித்தாள். அடுப்பை அணைத்தாள். கத்தவில்லை.

"யாருதுக்கா?"

அவளிடம் சொல்லவில்லை. நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். ஆமாம், ஐயா, திருடினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தையல்காரியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள். ஒன்பதையும் நுண்ணோக்கியில் பார்த்து, நல்லதாக நான்கைப் பொறுக்கி எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை அவளுக்கு வைத்தேன். கேட்டால் அவள் மனசு கஷ்டப்படும்; அதை என்னால் தாங்க முடியாது.