ஒரு விரற்கடை விலகிய பாய்மரம்

காலையில் கொட்டகைக் கதவு திறந்ததும், எங்களில் எவர் முகத்தையும் பாராமல், பித்தளை அளவுச்சட்டத்தைத் துடைத்துக் கண்ணெதிரே தூக்கிப் பார்க்கும் பெருந்தகையே! மயிரிழை பிசகினாலும் மன்னிக்காத மாண்பாளரே! படகுக் கொட்டகையின் தலைமை அளவரே! விடைபெறும் வேளையில் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பாய்விரித்துப் போவதைக் கரையில் நின்று பார்த்த பிள்ளைகளுக்காக, நம் மூத்த தச்சர் இரண்டே ஒட்டுப்பலகைகளில் ஒரு குட்டிப் படகு செய்தார். பலகை தீர்ந்த இடத்தில் படகின் முன்பக்கமும் முடிந்தது; மூக்கறுந்த படகென்று ஊரே சிரித்தது. அதை அளந்து வரைபடமாக்கியவர் அன்று இளைஞராயிருந்த நீங்கள். அவ்வரைபடம் கப்பலேறியது. கடலுள்ள நாடுகளிலும், ஏரி மட்டுமே வாய்த்த நாடுகளிலும், குழந்தைகள் இன்று அந்த மூக்கறுந்த படகில்தான் காற்றோடு பழகுகிறார்கள். அப்பெருமையில் உங்கள் பங்கு பெரிது.

ஆனால், ஐயா, பாராட்டு மடலிலும் பொய்யெழுத எங்கள் கை கூசுகிறது.

முதற்படகில் பாய்மரக்குழி நடுவிலிருந்து ஒரு விரற்கடை வலப்புறம் விலகியிருந்தது. "அது என் கை தவறிப் போச்சு தம்பி, அதையும் படத்துல ஏத்திடாதீங்க" என்று தச்சர் கெஞ்சினார். முதற்படகு எப்படியோ அப்படியே எல்லாப் படகும் என்று சொல்லி, அதையும் ஏற்றினீர்கள். முன்னே போன ஆடு முள் தைத்து நொண்ட, அதுதான் நடையென்று மந்தை முழுதும் நொண்டிய கதையாயிற்று. உலகத்துப் பிள்ளைகளெல்லாம் காரணம் தெரியாமலே இடப்புறம் சாய்ந்து உட்காரக் கற்றுக்கொண்டார்கள்.

தச்சர் தம் மகளுக்கு மட்டும் குழியை நட்டநடுவில் வைத்து ஒரு படகு செய்தார். போட்டியன்று உங்கள் பித்தளைச் சட்டம் அதில் பொருந்தவில்லை. பாய் கட்டிக் காத்திருந்த சிறுமியைக் கூட்டத்தின் நடுவே இறக்கிவிட்டு, "அப்பனும் மகளும் சேர்ந்து ஏமாத்துறாங்க" என்றீர்கள். தச்சர் உளியைக் கீழே வைத்தவர்தாம். அதன்பின் கொட்டகைப் பக்கமே வரவில்லை. அப்படகு கவிழ்ந்து கிடந்து, நாம் தேநீர் குடிக்கும் இருக்கையாயிற்று.

ஓய்வுபெற்றுச் சட்டத்தை ஒப்படைக்கும் நாள் நெருங்க, சென்ற வாரம் அப்படகை நீங்களே நிமிர்த்தினீர்கள். சுரண்டிச் சாயம் பூசி, தள்ளுவண்டியில் ஏற்றித் தச்சர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனீர்கள். கதவைத் திறந்தவர் அந்த மகள். தலையில் நரை கண்டுவிட்டது. படகைப் பார்த்துவிட்டு, "இப்ப இதுல எனக்குக் கால் மடக்க முடியாது மாமா" என்றாராம். அப்படகோடு தந்தையையும் இன்றைய போட்டிக்கு அழைத்துவரும்படி கேட்டுத் திரும்பினீர்கள். அந்த இருக்கையில் அமர்ந்து இத்தனை ஆண்டும் கதை பேசியவர்கள் நாங்கள்.

உடல்நலமும் நெடிய ஆயுளும் உங்களுக்கு வாய்க்கட்டும். நடந்ததை மறக்காத நினைவும் அவற்றோடு நிலைக்கட்டும்.

இன்று காலைப் போட்டியில், கூடியிருந்த அத்தனை பேர் முன்னும் ஒலிபெருக்கியை வாங்கி, "அன்னைக்கு ஏமாத்துனது அவங்க இல்ல. தப்புன்னு தெரிஞ்சே அளந்து கொடுத்தவன் நான்தான்" என்றீர்கள். மகளோடு வந்திருந்த, கண் மங்கிய தச்சரின் விரலைப் பிடித்து, மகளின் படகிலுள்ள நடுக்குழியில் வைத்தீர்கள். அவர் தடவிப் பார்த்தார். அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டிய பித்தளைச் சட்டத்தைத் தச்சர் மடியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தீர்கள்.

அந்த வெறுங்கைகளில் இம்மடலை வைக்கிறோம்.

இங்ஙனம்,
படகுக் கொட்டகைப் பணியாளர்கள்