குண்டுப்பூ

நீங்கள் செம்பூர்க்காரர், தமிழ் தெரியும் என்று சொன்னார்கள். நிம்மதியாக இருந்தது. இந்தியில் பேச ஆரம்பித்தால் எனக்குப் பாதியிலேயே கோபம் வந்துவிடும். இன்று கோபப்படாமல் சொல்லி முடிக்க நினைக்கிறேன்.

என் பெயர் தாவீது. தாராவியில் அக்ரிலிக் பட்டறை வைத்திருக்கிறேன். கடைப் பலகை, பரிசுக் கேடயம் என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினன் என்பதால் உரிமத்தோடு ரைஃபிள் உண்டு. ஒருநாள் ஓரமாகக் கிடந்த தடித்த அக்ரிலிக் கட்டி ஒன்றைச் சுட்டுப் பார்த்தேன். குண்டு பாதியில் நின்றது. அதைச் சுற்றி, தண்ணீர் மாதிரி தெளிந்த கட்டிக்குள், விரிசல்கள் இதழ் இதழாக விரிந்திருந்தன. குண்டுப்பூ என்று பெயர் வைத்தேன். முதலில் பார்த்தது நான், பெயர் வைத்தது நான், சுட்டது நான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டிகளை வார்த்துக் கொடுத்தவன் ஜெனிஷ், என் தங்கை ஜோஸ்பினின் கணவன். வேலையைச் சுத்தமாகச் செய்பவன், மறுக்கவில்லை. தாணேக்கு அப்பால் கைவிட்ட கல்குவாரி ஒன்றில்தான் சுடுவோம். முதல் தடவை, குண்டு துளைத்துக்கொண்டு போய்விடுமோ என்று நான் தயங்கியபோது, அவன் நடந்துபோய்க் கட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

"நான் வார்த்தது மச்சான், நம்ப மாட்டியளா? சும்மா டென்ஷன் ஆவாதீய. சுடுங்க."

சுட்டேன். குண்டு கட்டிக்குள் நின்றது. அதன்பிறகு அதுவே எங்கள் தொழில் வழக்கமாகிவிட்டது. வார்த்தவன் பின்னால் நிற்பான், நான் சுடுவேன்.

கொலாபாவில் கேலரி நடத்தும் அம்மாள் ஒருவர் அதைப் பார்க்க வந்தார். முன்னால் பூ, அதற்குப் பின்னால் ஜெனிஷின் சிரித்த முகம் என்று படம் எடுத்தார். கண்காட்சி வாசலில் அந்தப் படத்தைத்தான் ஆளுயரத்துக்கு வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அவனோடு செல்ஃபி எடுத்தார்கள். பேப்பரில் அவனை உயிரைப் பணயம் வைக்கும் கலைஞன் என்று எழுதினார்கள். என்னை உதவியாளர் என்று போட்டார்கள். பெயர்கூட இல்லை. யாரிடம் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவனிடமே கேட்டேன். "நானும் சொல்லிட்டேன் மச்சான், அவியளுக்குப் புரியல. விடுங்க, நம்ம வீட்டுக்குள்ளதான?" என்றான். வயிறு எரிந்தது. பொறாமை இல்லை, அந்தக் குணம் எனக்குக் கிடையாது. செய்தவன் பெயர் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது வெளிநாட்டுக் கண்காட்சிக்கான பெரிய கட்டி. வார்த்த கட்டியை மின்சார அடுப்புக்குள்ளேயே மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அன்று அவன் மகனுக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கோவிலுக்குக் கிளம்பும்போது, "காலைல வரைக்கும் கதவத் தொறந்துராதீய மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான். பட்டறையில் புழுக்கம் தாங்கவில்லை. திறந்து வைத்தேன்.

சட்டென்று குளிர்ந்த கட்டிக்குள் ஓர் இழுப்பு தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. பலமாக அடிபட்டால் பிளந்துவிடும். பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். கட்டி ஆறியதும் கதவைச் சாத்திவிட்டு விருந்துக்குப் போனேன். ஜோஸ்பின் எனக்கு இன்னொரு கரண்டி கறி வைத்தாள்.

குவாரியில் நான் அவனை எச்சரிக்காமல் இல்லை. "பெரிய கட்டி, இன்னைக்கு ஒருநாள் தள்ளி நில்லு மாப்ள" என்றேன்.

"நான் நிக்கலன்னா மேடம் படம் எடுக்க மாட்டாவ மச்சான். ஜல்தி சுடுங்க, வெயில் ஏறுது."

மேடம், படம் என்ற அந்தப் பேச்சை அவன் எடுக்காமல் இருந்திருந்தால், அடுப்பைத் திறந்ததைச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். எப்போதும்போலக் கட்டியின் நடுவில் குறிவைத்தேன். அதற்கு நேர் பின்னால் அவன் நெஞ்சு இருந்தது. கட்டி இரண்டாகப் பிளந்தது. குண்டு நிற்கவில்லை.

கதவைத் திறந்தது தெரிந்துதான். சுட்டதும் தெரிந்துதான். நீங்கள் விபத்து என்று கேஸை எழுதி முடித்துவிட்டீர்கள். ஜோஸ்பினும் அப்படியே நம்புகிறாள். இடிந்துபோயிருக்கிறேன் என்று நினைத்து எனக்குத் தினமும் சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள். நானாக வந்திருக்கவே வேண்டியதில்லை.

ஆனால் போன வாரம் கேலரிக்குப் போனேன். பிளந்த இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பூ இந்தப் பாதியில் தொடங்கி அந்தப் பாதியில் முழுதாக மலர்ந்திருக்கிறது. நான் செய்ததிலேயே சிறந்தது அதுதான், சார். கீழே, ஜெனிஷின் கடைசிப் படைப்பு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

தூக்கில் போட்டாலும் சரி. அந்தப் பெயரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.