இடது பக்கச் சரிவு

கேட்டிலிருந்து கார் ஷெட் வரைக்கும் என்ன தரை போடலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், யோசிக்காமல் கான்கிரீட் என்று சொல்வேன். நான்கு அங்குல கனம், உள்ளே கம்பி வலை, வழுக்காமல் இருக்க மேலே துடைப்பத்தால் இழுத்த கோடு, தண்ணீர் ஓட ஒரு பக்கமாகச் சரிவு. அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தடவை குழாயைத் திறந்துவிட்டால் போதும். நீங்களும் உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள், மேடம். ஒரு புல் முளைத்திருக்கிறதா?

மேஸ்திரி ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதெல்லாம் சரிதான். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் தரையை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். தெருவில் எல்லோருக்கும் மாஸ்டர். வீட்டிலும் மாஸ்டர்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, ஓட்டுகிறவரை அதட்டியே முப்பது வருஷம் பிழைத்தவர், அந்தப் பழக்கம் எங்கே போகும்?

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் சரளைக்கல் கொட்டினார். மழைத்தண்ணீர் கீழே இறங்கிவிடும், பராமரிப்பே வேண்டாம் என்றார். யாருக்கு வேண்டாம்? இலை விழுந்தால் துடைப்பம் போட முடியாது, இலையோடு கல்லும் சேர்ந்து வரும். குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்க வேண்டும். கார் போகும்போதெல்லாம் நாலு கல் தெருவுக்கு ஓடும். அதை அள்ளிக்கொண்டு வந்து போடுவதும் நான்தான். இப்படி எட்டு வருஷம்.

அப்புறம் இன்டர்லாக் கல் பதித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இடுக்கெல்லாம் புல். முக்காலியில் உட்கார்ந்து மழுங்கின கத்தியால் கேட்டிலிருந்து நோண்டிக்கொண்டே வருவேன். ஷெட்டுக்கு வந்து சேர்வதற்குள் கேட்டுக்குப் பக்கத்தில் மறுபடி முளைத்திருக்கும். இது போதாதென்று எண்ணெய்க் கறை வேறு. கால் மரத்துப் போன பிறகு அவர் வெளியே ஓட்டுவதில்லை. ஆனால் பேட்டரி செத்துவிடும் என்று தினமும் காலையில் காரை எடுத்து, கேட் வரை விட்டு, பின்னாலேயே கொண்டுவந்து நிறுத்துவார். அது போகும் வழியெல்லாம் சொட்டும். சோப்புத் தூளும் பிரஷ்ஷுமாக நான் பின்னாலேயே தேய்த்துக்கொண்டு போவேன்.

"கான்கிரீட் போட்டுடலாங்க. என் முட்டி தாங்கல" என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன்.

"கான்கிரீட்டா? சூடு ஏறும், வெடிக்கும். உனக்கு என்ன தெரியும்? பத்து நிமிஷ வேலை, அதுக்குப் போய் இப்படி அலுத்துக்கிற. உனக்கு வீட்ல வேற என்ன வேலை?"

மகனுக்குப் போன் போட்டால், "அப்பா சொல்றதும் ஒரு பாயிண்ட்தானேம்மா" என்பான். அவன் எப்போதும் பாயிண்டைத்தான் பார்ப்பான். முட்டியைப் பார்க்க மாட்டான்.

எனக்கு வேறு வேலை இருக்கத்தான் செய்தது. சர்க்கரை முற்றி அவருக்கு இரண்டு காலும் மரத்துப் போய்ப் பதினோரு வருஷம். சுட்டாலும் குத்தினாலும் தெரியாது. ஒரு நாள் முழுக்க ஒரு குண்டூசியை உள்ளங்காலில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். தினமும் சாயங்காலம் கண்ணாடியைக் கீழே பிடித்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், விரல் இடுக்கில் ஈரமே நிற்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யாரிடம் சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? என்னிடம். மாஸ்டர் டிவியைப் பார்த்தபடியே காலைத் தூக்கி என் மடியில் போடுவார். ஒரு நாள்கூடத் தானாகக் குனிந்து பார்த்ததில்லை. அது என்னுடைய கால் என்பது போலத்தான் நீட்டுவார்.

காலையில் தரை, சாயங்காலம் கால். எனக்கு எரிச்சலாக இருந்தது, மேடம். அதை மறைக்க விரும்பவில்லை.

போன வருஷம் சக்கரம் நிற்கும் இடத்தில் கல்லெல்லாம் இறங்கிவிட்டது. கார் அடிப்பாகம் தட்டியது. அன்றைக்கே கான்கிரீட் நல்ல பொருளாகிவிட்டது. என் முட்டி இத்தனை வருஷமாகச் சொன்னதை, காரின் அடிப்பாகம் ஒரே நாளில் அவருக்குப் புரியவைத்தது.

அளவெடுக்க வந்த மேஸ்திரியிடம் நான் எல்லாவற்றையும் விசாரித்தேன். எந்தப் பொருளானாலும் விசாரித்துத்தானே வாங்குவோம். அவர் தன் கணுக்காலில் இருந்த பழைய தழும்பைக் காட்டினார்.

"ஈரச் சிமெண்ட் சுண்ணாம்பு மாதிரிம்மா, தோலை அரிச்சிடும். உடனே தெரியாது. ஒரு மணி நேரம் போனா எரிய ஆரம்பிக்கும். ஓடிப்போய்க் கழுவிடுவோம்."

"எரியறது தெரியலேன்னா?"

"தெரியாம எப்படிம்மா இருக்கும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கான்கிரீட் போட்ட அன்று மத்தியானத்துக்குள் கலவையைக் கொட்டி மட்டம் செய்துவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேஸ்திரி சாப்பிடப் போனார். நான் உள்ளே போய் மாஸ்டரிடம் சொன்னேன்: "இடது பக்கம் சரிவு பத்தாது போல இருக்குங்க. தண்ணி தேங்குமோ என்னமோ. எனக்கு என்ன தெரியும், நீங்க வந்து பாருங்க."

அடுத்தவர் தப்பு என்றால் அவருக்குப் பசிகூட மறந்துபோகும். டாக்டர் வாங்கச் சொன்ன மெத்தைச் செருப்பு பாழாகிவிடும் என்று அதை ஓரமாகக் கழற்றிவிட்டு, நேராக இடது பக்கம் போய் நின்றார். கால் கணுக்கால் வரை கலவைக்குள் இறங்கியது.

"பாத்தியா? நான் இல்லேன்னா இவனுங்க ஏமாத்திட்டுப் போயிடுவானுங்க. அவங்க வரட்டும், இங்கேயே நின்னு சரி பண்ண வைக்கிறேன்."

ரொம்ப நேரம் நிற்க முடியாதவர். அதனால் குறுக்கே கிடந்த பலகை மேல் நாற்காலியைப் போட்டுக் கொடுத்தேன். வெயில் படாமல் குடை கொடுத்தேன். சரிவு பார்க்க ரசமட்டம் கேட்டார், மேஸ்திரியின் பையில் பொறுமையாகத் தேடினேன். காபி கேட்டார், போட்டுக் கொடுத்தேன். காலை எடுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பி வந்த மேஸ்திரி பதறிப்போனார். "சார், கால எடுங்க மொதல்ல. அம்மா, நிறையத் தண்ணி விட்டு உடனே கழுவுங்க." சரி என்றேன். உள்ளே கூட்டிப்போய் ஒரு துணியால் மேலோட்டமாகத் துடைத்து, காலுறையை மாட்டிவிட்டேன். அவர் சரிவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வழக்கம்போலக் காலை நீட்டினார். "இன்னைக்குப் பாத்தாச்சுங்க" என்றேன். காலை மடக்கிக்கொண்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவர் நீட்டவே இல்லை. பார்த்தாகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

நான்காம் நாள் அறையில் வாடை வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு பாதத்தையும் எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டார். சர்க்கரைப் புண், ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் என் தோளைத் தொட்டு, "பதினோரு வருஷம் இவ்வளவு நல்லா யாரும் பாத்துக்க மாட்டாங்கம்மா" என்றார். அப்போது நான் அழுதேன். நடிப்பில்லை. அந்த வார்த்தையை ஒரு தடவை மாஸ்டர் வாயால் கேட்டிருந்தால் என்று தோன்றியது.

அன்றைய வெயிலில் கலவை இறுகிவிட்டதால், கால் பதிந்த இடத்தைப் பூசிவிட மேஸ்திரி பிறகு வந்தார். "அன்னிக்குக் கால் கழுவினீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பூச எடுத்த கரண்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். அவர் போட்ட சரிவில் ஒரு குறையும் இல்லை. அன்று மாஸ்டரைக் கூப்பிடுவதற்கு முன்பே அவருடைய ரசமட்டத்தை வைத்து நானே பார்த்திருந்தேன்.

அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள். இனிமேல் எதையும் தேய்க்கவும் துடைக்கவும் வேண்டாத ஒரு தரை, அதுதான் நான் கேட்டது. கிடைத்துவிட்டது.

அந்த இரண்டு பள்ளம் மட்டும்தான். ஒட்டுப் போட்டால் பெயர்ந்துகொண்டே இருக்கும், அதனால் அப்படியே விட்டுவிட்டேன். பத்து விரலும் அச்சாக விழுந்திருக்கிறது. தூசி சேரும், எறும்பு வரும். காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிடுவேன், சாயங்காலம் துணியால் விரல் இடுக்கு வரைக்கும் ஒற்றி எடுப்பேன். ஈரம் நிற்கக் கூடாது பாருங்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை, பத்து நிமிஷம்தான்.

கிளம்பலாம், மேடம். இன்றைக்கு இன்னும் துடைக்கவில்லை. ஒரே நிமிஷம், உள்ளே போய்த் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.