பீலித் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை

கம்பளையில் நான் படித்த சிறிய பாடசாலையில் கடிதம் எழுதுவதற்கென்றே வாரத்தில் ஒரு பாடவேளை இருந்தது. ஒழுங்காகக் கடிதம் எழுதத் தெரிந்தவனுக்கு எந்தக் கந்தோரிலும் உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு கதிரை கிடைக்கும் என்று லீலாதேவி டீச்சர் சொல்லுவார். உண்மைதான் ஐயா, உங்கள் பொலிஸ் கந்தோரிலும் நல்ல கதிரையாகத்தான் தந்திருக்கிறீர்கள். என் வாக்குமூலத்தை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகச் சார்ஜன் சொன்னார். அவருக்கு ஏன் வீண் சிரமம் என்று நானே எழுதுகிறேன்.

என் பெயர் முஸ்அப். மடுல்கெல்லைப் பக்கம், மூடிக் கிடந்த ஒரு தேயிலைக் களஞ்சியத்தில் பளீல் ஹாஜியார் நடத்தும் கம்பெனியில் நிர்வாக உத்தியோகத்தர். பழைய வாகனப் பெற்றரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி, கட்டிகளாக்கி விற்பது எங்கள் தொழில். நான் சேர்ந்த புதிதில் ஹாஜியார் சுற்றாடல் சட்டப் புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "இது முழுக்க எங்களுக்கா எழுதியீக்கி, முஸ்அப்? மத்த கம்பனிக்காரங்களுக்கும் கொஞ்சம் வைங்களேன்" என்றார். அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சட்டம் எல்லாருக்குமாக எழுதப்படுவது. அதில் எது நமக்குப் பொருந்தும் என்று பார்ப்பது, புடவைக்கடையில் மாப்பிள்ளைக்குச் சட்டை எடுப்பது போன்ற வேலை. தோள் சரியா, கை நீளமா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

புகை பற்றிய பகுதி பொருந்தியது. புகைபோக்கியை உயர்த்தினோம். சத்தம் பற்றிய பகுதியும் பொருந்தியது. இரவு வேலையை நிறுத்தினோம். தொழிலாளருக்கு முகமூடி, கையுறை, வேலை முடிந்து குளிக்க இடம், எல்லாம் செய்தோம். எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று பத்திரிகையில் எழுதியவர் இதையெல்லாம் விசாரித்திருக்கலாம்.

மிஞ்சியது ஒரு பகுதி. பெற்றரி கழுவிய தண்ணீர் எங்கள் கழிவுக் கானால் இறங்கி ஓடையில் சேர்கிறது. அந்த ஓடை, சற்றுக் கீழே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கத்தில் பீலியாக விழுகிறது. மலைத் தண்ணீரை மூங்கிலிலோ குழாயிலோ ஏந்தி விழ வைப்பதைத்தான் தோட்டத்தில் பீலி என்பார்கள். அந்தத் தண்ணீரை மனிதர் குடிப்பதாக இருந்தால், நாங்கள் சுத்திகரிப்பு இயந்திரம் பூட்ட வேண்டும். அதற்கு ஆகும் செலவுக்குக் கம்பெனியை மூடிவிட்டுப் போகலாம் என்றார் ஹாஜியார். குடிக்காவிட்டால் அந்தப் பகுதி எங்களைத் தொடாது. ஆகவே இதில் சட்டப் பிரச்சினை என்று ஒன்றும் இல்லை, குடிக்கிறார்களா இல்லையா என்பதுதான் கேள்வி.

குடித்தார்கள். அதனால் அவர்களுக்கு வேறு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மேல் மலை ஊற்றிலிருந்து லயத்து வாசல்வரை பைப் போட ஹாஜியாரைச் சம்மதிக்க வைத்தவன் நான்தான். திறந்த நாளில் பொங்கல் வைத்தார்கள். லயத்தில் எல்லாருக்கும் மூத்தவள் போல் நடந்துகொள்ளும் பேச்சியம்மா என் கழுத்தில் மாலை போட்டு, முஸ்லிம் ஆண்களை அழைக்கும் வழக்கப்படி நானா என்று என்னைக் கூப்பிட்டு, "நானா எலக்ஷன் கேட்டா நாங்க வேற யாருக்கும் போட மாட்டோம்" என்றார். அவருடைய மகன் சஞ்சீவ் எங்களிடம்தான் ஈயம் உருக்குகிறார். மறுநாள் நான் சுற்றாடல் அதிகாரிகளுக்கு எழுதினேன்: பீலித் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. எழுதிய அன்று அது முழு உண்மை.

அடுத்த வெயில் காலத்தில் மேல் மலையில் ஓர் உல்லாச விடுதி கட்டி, ஊற்றை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பைப்பில் காற்றுதான் வந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பழையபடி பீலிக்குப் போனதை நான் பஸ்ஸால் இறங்கி நடக்கும்போது பார்த்தேன். உண்மையில் எனக்குக் கவலையாக இருந்தது. 'இத்தண்ணீரைக் குடிக்க வேண்டாம்' என்று மூன்று மொழியிலும் ஒரு பலகைக்கு வாசகம் எழுதினேன். சிங்களத்தில்கூட அழகாக வந்திருந்தது. எழுதி முடித்த பிறகுதான் யோசித்தேன். குடிக்க வேண்டாம் என்று பலகை வைத்தால், குடிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும் என்று ஆகிவிடும். தெரியும் என்று ஆனால் அந்தப் பகுதி பொருந்திவிடும். தாளை அடுப்பில் போட்டேன்.

ஆனாலும் நான் எதையும் ஆராயாமல் விடுகிறவன் இல்லை. ஒரு போத்தல் பீலித் தண்ணீரை எடுத்து, எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லி, என் மனைவி மஸாஹிராவின் பெயரில் கண்டியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். கம்பெனியின் பெயரில் அனுப்பினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் அல்லவா? முடிவு வீட்டுக்கு வந்தபோது மஸாஹிராதான் பிரித்தார். இந்தத் தண்ணீரைச் சமையலுக்கும் பாவிக்க வேண்டாம், காய்ச்சினாலும் ஈயம் போகாது என்று போட்டிருந்தது. பாவம், பயந்து போய்க் கிணற்றடியில் நின்றார்.

"இது எங்கட கெணறு இல்ல, வேற ஆக்கள்ட தண்ணி" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "அப்ப அந்த ஆக்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

பெண்களுக்கு நிர்வாக விஷயம் விளங்குவது கஷ்டம். அன்றிரவு அவர் அந்தத் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

சில நாள் கழித்து அனுஷியா என்னை வழியில் நிறுத்தினாள். சஞ்சீவின் மனைவி, தலைப்பிள்ளை, வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. நல்ல பிள்ளை, கேட்பதற்கே கூச்சப்பட்டாள்.

"நானா, பைப்புல தண்ணி வரலைங்க. பீலித் தண்ணியக் காய்ச்சிக் குடிச்சா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன், ஐயா, இதைத்தான் நீங்கள் பலமுறை கேட்டீர்கள். "நீங்கதான் பீலித் தண்ணி குடிக்கிறத விட்டுட்டீங்களே, மகள்" என்றேன்.

அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பகிடி விடுகிறேன் என்று நினைத்தாளோ, ஒன்றும் இல்லை என்று சொல்கிறேன் என்று நினைத்தாளோ, சிரித்துவிட்டுப் போனாள். நானும் சிரித்தேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கோப்பில் அப்படித்தான் இருக்கிறது.

பிறகு கம்பெனியைப் பரிசோதிக்கச் சுஜந்தன் என்ற இளம் சுற்றாடல் அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மிகவும் மரியாதை. நேரே லயத்துக்கே போய்க் கேட்க வேண்டும் என்றார். நான் முந்திய நாளே பேச்சியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தேன், கம்பெனி மூடினால் சஞ்சீவுக்கும் வேலை இல்லை என்று. அவரை மிரட்டவில்லை, நடப்பதைச் சொன்னேன்.

"அம்மா, உந்தப் பீலித் தண்ணி குடிக்கிறனீங்களோ?" என்று சுஜந்தன் கேட்டார்.

"இல்லீங்க ஐயா. நானா போட்டுக் குடுத்த பைப்புத் தண்ணிதான்" என்றார் பேச்சியம்மா. சொல்லிவிட்டு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், எங்கள் இருவருக்கும் பிளேன்ரீ கொண்டுவந்தார்.

அது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார், வாசமாக இருந்தது. நான் "இண்டைக்கி நோன்பு" என்று சொல்லிவிட்டேன். அன்று வியாழக்கிழமை, கடமையில்லாவிட்டாலும் விரும்பிச் சுன்னத்தான நோன்பு பிடிக்கிற நாள். காலையில் எதுவும் சாப்பிடாதவர் நண்பகலுக்கு முன் நோன்பு என்று மனதில் நினைத்து நிய்யத் வைத்தாலும் அந்த நோன்பு கூடும். நான் அவசரத்தில் சாப்பிடாமல்தான் வந்திருந்தேன். அந்த நிமிடமே நிய்யத் வைத்து, பொழுது சாயும் மஃரிபுவரை ஒரு துளி தண்ணீர் குடிக்கவில்லை. ஆகவே அதுவும் பொய் ஆகாது. சுஜந்தன் தம்பி முழுவதையும் குடித்துவிட்டு, இப்படி ஒரு தேத்தண்ணி கண்டி ரவுணில் கிடையாது என்றார். பேச்சியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, இன்னொரு கோப்பை ஊற்றினார்.

அனுஷியாவின் பிள்ளை எட்டாம் மாதத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்தது. அசைவில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை என்றார்கள். மதனி என்ற டொக்டர் சந்தேகப்பட்டு அவளுடைய இரத்தத்தைப் பரிசோதித்தார். பிறகு லயத்துப் பிள்ளைகளையும் வரச் சொன்னார். படிப்பு ஏறவில்லை என்று வாத்தியார் கடைசி வாங்கில் உட்கார வைத்த பிள்ளைகள் எல்லாருடைய இரத்தத்திலும் ஈயம் இருந்ததாம். வாத்தியார் பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் தெரியும்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். சின்னப் பெட்டி, சஞ்சீவ் ஒரு கையில் தூக்கிக்கொண்டு போனார். அனுஷியா என்னைக் கண்டதும் எழும்பி, உட்காருவதற்குக் கதிரை எடுத்துத் தரச் சொன்னாள். தோட்டத்து ஆட்களின் மரியாதையை டவுனில் காண முடியாது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் எழுதுகிறேன். அவள் கேட்ட அன்று முடிவுத்தாள் என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் மாதா கோவில் கிணற்றிலிருந்து சுமந்திருப்பார்கள். கொஞ்சம் ஏற்றம், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. யாரும் என்னைத் தடுக்கவுமில்லை. ஹாஜியாருக்கு அந்தத் தாளைப் பற்றி இன்றுவரை தெரியாது. எல்லாம் நான் தனியாகச் செய்தது, மனதார ஒப்புக்கொள்கிறேன்.

இனி நல்ல செய்தி. போன கிழமை உங்களோடு லயத்துக்கு வந்தபோது கவனித்தேன், இப்போது பவுசர் லொறியில் தண்ணீர் வருகிறது. பீலிக்குப் போகும் வழியை முள்ளு வைத்து அடைத்துவிட்டார்கள். கைகழுவக்கூட யாரும் அங்கே போவதில்லை என்று பேச்சியம்மா உங்களிடமே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஆகவே ஐயா, அந்தப் பகுதி இன்று எங்கள் கம்பெனிக்குப் பொருந்தாது. கம்பெனியை மூடி வாசலில் நீங்கள் வைத்த சீலை எப்போது உடைப்பதாக இருக்கிறீர்கள் என்று அறியத் தந்தால், வேலையாட்களுக்கு நானே கடிதம் போட்டுவிடுவேன். சஞ்சீவுக்கு முதலில் போடுவேன்.