கூட்டலுக்குள் போன மருத்துவமனை

என் பேச்சு நீளும் என்று தெரிந்தே தண்ணீர்க் குவளையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்ட தலைவர் அவர்களே! அருகே வீற்றிருக்கும் ஆன்றோர்களே! லாரி ஓட்டும் தோழர்களே! நிரல் எழுதும் தம்பிமார்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் வைத்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கூட்டலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். என்ன? பின்வரிசையில் ஒருவர் "கணக்கா?" என்று அலறுகிறார். ஆமாம் ஐயா, கணக்குதான். கதவைப் பார்க்காதீர்கள், பரீட்சை இல்லை!

நம் ஆக்சிஜன் நிலையத்தில் எந்த லாரி, எத்தனையாவது நடையில், எந்த மருத்துவமனைக்கு, எத்தனை சிலிண்டர் என்பதைக் கணினி நிரல்தான் முடிவு செய்கிறது. லாரி ஓர் இன்டெக்ஸ், நடை ஓர் இன்டெக்ஸ், மருத்துவமனை ஓர் இன்டெக்ஸ்; இன்டெக்ஸ் என்றால் எது, எத்தனையாவது என்று காட்டும் அடையாள எண், அவ்வளவுதான். எழுதியவர் நம் புரோகிராமர், செல்லப் பெயர் உம்மணாமூஞ்சி. இதோ, மேடையேற்றியும் சிரிக்க மாட்டேன் என்கிறார்!

போன மழையில் சாலைகள் அறுந்தபோது அவசரமாக ஒரு வரி எழுதினார். எல்லா லாரி, எல்லா நடை, எல்லா மருத்துவமனை, அத்தனைக்கும் கூட்டு. தொகை மொத்தத் தேவைக்குக் குறையக் கூடாது. அழகான வரி! அடக்கமான வரி! மூன்று இன்டெக்ஸும் ஒரே கூட்டலுக்குள் அடங்கிய வரி! கணினி என்ன செய்தது? தூரத்தைக் குறை என்றும் நாம்தானே சொல்லியிருந்தோம்? பக்கத்துப் பெரிய மருத்துவமனைக்கே எல்லாவற்றையும் எழுதிவிட்டது. மலைமேல் உள்ள சின்ன மருத்துவமனைக்குப் பூஜ்யம். தொகை சரி, திரையில் பச்சை, லாரிகள் கிளம்பிவிட்டன.

அந்த மலை மருத்துவமனையில் செவிலியர் யார்? உம்மணாமூஞ்சியின் உடன்பிறந்த தங்கை! போன் வந்தபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

"அண்ணா, இருக்கிற சிலிண்டர் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். பொறந்த குழந்தை ஒண்ணு மூச்சுக்குத் திணறுது. லாரி எங்க?"

"மொத்தம் சரியா இருக்கும்மா. குறையே இல்ல."

"உன் மொத்தத்தையா நான் குழந்தை மூக்குல மாட்டுறது?"

கைதட்டாதீர்கள். அன்று அது கைதட்டும் வசனமாக இல்லை. முகம் வெளுத்துத் திரையைப் பார்த்த உம்மணாமூஞ்சி, "ஐயோ, ஆஸ்பத்திரியையும் சேத்துக் கூட்டிட்டேனே!" என்றார். அந்த ஒற்றை இன்டெக்ஸைக் கூட்டலுக்குள்ளிருந்து உருவி வெளியே வைத்தார். லாரியைக் கூட்டு, நடையைக் கூட்டு. ஆனால் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனித்தனியே கூட்டி, அதனதன் தேவையோடு ஒப்பிடு! நிரலை மறுபடி ஓட்டினோம். போன லாரி ஒன்றைப் பாதி வழியில் போன் போட்டு மலைக்குத் திருப்பினோம்.

தம்பிமார்களே! கூட்டுங்கள், கூச்சமின்றிக் கூட்டுங்கள். ஆனால் எதைக் கூட்டுகிறோம், எதைக் கூட்டாமல் நிறுத்துகிறோம் என்று கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். ஓர் ஊரின் மிச்சம் இன்னோர் ஊரின் மூச்சாகுமா? ஒரு பிள்ளை இழுத்த காற்று இன்னொரு பிள்ளையின் நெஞ்சை நிரப்புமா? நிரப்பாது! நிரப்பாது! நிரப்பவே நிரப்பாது!

என்ன தாயே? குழந்தை என்னவாயிற்று என்கிறீர்களா? சொல்லாமல் இறங்குவேனா? பொழுது சாயும் நேரத்தில் தங்கையின் போன் வந்தது. "லாரி வந்துடுச்சுண்ணா. இந்தா, நீயே கேளு" என்று போனைக் குழந்தையின் பக்கம் நீட்டினார். வீறிட்டு அழுதது பாருங்கள், அலுவலகம் முழுக்கக் கேட்டது! உம்மணாமூஞ்சியும் சேர்ந்து அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

கேட்டிருந்த உங்களுக்கு மொத்தமாக அல்ல, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே என் நன்றி. வணக்கம்.