பல்செட்டைப் பிடித்த பெட்டி

...அதான் சார் சொல்றேன், தப்பெல்லாம் என் மச்சினன் மேலதான். வேற பிளம்பரே கிடைக்கலையா எனக்கு? உக்காருங்க சார். சாயங்காலம் ரேடியோல நியூஸ் வாசிக்கணும், பல்லு வேணும், புரியுது. கைக்குட்டையை வாயிலேருந்து எடுங்க. பல்செட் செய்றவன்கிட்ட என்ன வெக்கம்? எத்தனை பொக்கை வாய் பாத்திருப்பேன்!

இந்த வாஷ்பேசினுக்குக் கீழ ஒரு பெட்டி வெச்சான் சார் அவன். அச்செடுக்குற மாவு, ராவுன தூளு எல்லாம் அதுல தங்கிடும், தண்ணி மட்டும் குழாய்ல போகும். இல்லேன்னா மாவு குழாய்க்குள்ளயே கல்லாயிடும். ஒருதரம் ஆச்சே, தண்ணியெல்லாம் கீழ ஒழுகி! கீழ்வீட்டு டெய்லர் இன்னும் என்கிட்ட பேசறதில்ல. பேசினாலும் வாய்ல ஊசியைக் கடிச்சுக்கிட்டே பேசுவாரு, ஒரு எழவும் புரியாது... எங்க விட்டேன்? ஆங், பெட்டி!

"மாமா, வாராவாரம் காலி பண்ணிடுங்க"ன்னான். நீங்களே சொல்லுங்க சார். பிடிச்சு வைக்கிறதுதான் அதோட வேலை. அது பாடுபட்டுப் பிடிச்சதை நாம அள்ளிக் கொட்டினா, அதுக்கு என்ன மரியாதை? நான் திறந்ததே இல்ல. தண்ணி மெதுவா போச்சு. சரி, பேசின் ஓட்டை மேல இருந்த சல்லடையக் கழட்டிட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது!

காலைல உங்க செட்டை பளபளன்னு பாலிஷ் போட்டு, கடைசியா ஒரு அலசு அலசறேன்... வழுக்கிடுச்சு. ஓட்டைல நேரா உள்ள! நான் பதறவே இல்ல சார். பெட்டிதான் இருக்கே, எங்க போயிடும்? மாவு கலக்கின கிண்ணமெல்லாம் கழுவி ஊத்திட்டு, டீ குடிச்சிட்டு, நிதானமா வந்து திறந்தா... கல்லு சார்! முழுப்பெட்டியும் ஒரே கல்லு!

இதோ பாருங்க. மேல்வரிசை மட்டும் வெளிய தெரியுது... சிரிச்ச முகமா இருக்குல்ல? என்னமா பிடிச்சிருக்கு! அந்தப் பயலைக் குறை சொல்லக் கூடாது சார், நல்ல பெட்டி.

அட, ரேடியோதான சார்? பல்லை யாரு பாக்கப் போறா?

என்னது? "ஃபு... ஃபூ"ன்னா? சரி, சரி, கோவப்படாதீங்க. இந்தாங்க சுத்தியல். நீங்களே மெதுவா தட்டி எடுத்துக்குங்க.

சார்... பெட்டி அங்க இருக்கு. என் வாயையே ஏன் பாக்கறீங்க? அளவு பாக்கற மாதிரி...

சார்! சார்! இது சொந்தப் பல்லு சார், கழட்ட வராது!