‘வீட்டுக்காரர்’ என்று எழுதியது பற்றி

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் சென்ற வெள்ளிக்கிழமை நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. வயது ஐம்பத்தொன்று. தொழில் கார் மெக்கானிக், சொந்தப் பட்டறை. தெருவில் ‘டவுட்டு’ என்று கேட்டால்தான் என்னைக் காட்டுவார்கள். யார் வண்டியைக் கொண்டுவந்து என்ன சொன்னாலும் சட்டென்று நம்பமாட்டேன் என்பதால் வைத்த பெயர். எனக்கு அதில் வருத்தமில்லை. இன்று திங்கட்கிழமை, யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

விபத்துக்குள்ளான வெள்ளைக் கார் பதினெட்டு வருடப் பழையது. நான்கு வருடமாக என்னிடம்தான் வேலைக்கு வருகிறது. அதை ஓட்டும் அம்மா, நடக்க முடியாத நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்க் கைகால் பயிற்சி கொடுப்பவர். வண்டி அவர் கணவர் பேரில் இருக்கிறது. கணவர் பாட்டில் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நான் வேலை செய்யும்போது என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். எதை மாற்றினாலும், “பழசைக் குடுங்க, பாத்துக்கறேன்” என்று வாங்கிப் போவார். அது எனக்கு அறவே பிடிக்காது.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிவாக்கில் அந்த அம்மா தனியாக வண்டியைக் கொண்டுவந்தார். ஓடும்போது ஒரு நொடி மூச்சு நின்றாற்போல் ஆகித் திரும்ப எடுக்கிறது, கணவர் காட்டிவிட்டு வரச் சொன்னார் என்றார். கோளாறு இருந்தால் டேஷ்போர்டில் எரியும் என்ஜின் விளக்கு எரியவில்லை. அதன் பிறகு ஸ்கேனரை மாட்டினேன். என்ன பழுது என்று சொல்லும் எரர் கோடு ஒன்றுகூட இல்லை. ஆனால் வண்டி தன்னைத்தானே சோதித்து முடிக்கும் பட்டியல் ஒன்று ஸ்கேனரில் தெரியும். அதில் எல்லா வரியும் ‘முடியவில்லை’ என்று காட்டியது. நாள்தோறும் ஓடுகிற வண்டியில் அப்படி இருக்காது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ, ஸ்கேனரால் துடைத்தாலோதான் அப்படி ஆகும்; பதிவாகியிருந்த கோடும் அதோடு போய்விடும்.

நான், “யாரோ அழிச்சிருக்காங்கம்மா” என்றேன்.

அந்த அம்மா, “எனக்கு எப்படித் தெரியும்? அவரைத்தான் கேக்கணும்” என்றார்.

எந்த சென்சார் என்று தெரியாமல் குத்துமதிப்பாக எதையும் மாற்றக் கூடாது என்பது என் வழக்கம். ஆகவே இரண்டு நாள் ஓட்டுங்கள், விளக்கு எரிந்தால் எதையும் தொடாமல் நேரே இங்கே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றுபோய், பின்னால் வந்த லாரி இடித்து, அந்த அம்மாவுக்கு இடது தொடை எலும்பு முறிந்தது என்று மாலையில் கேள்விப்பட்டேன். 

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி என்னை நிலையத்துக்கு வரவழைத்து, பின்முற்றத்தில் இருந்த வண்டியைச் சோதிக்கச் சொன்னார். முன்பக்கம் சேதமில்லை. ஸ்கேனரில் கிராங்க் சென்சார் கோடு வந்தது. அந்த சென்சார் விட்டுவிட்டு வேலை செய்தால் ஓடும் என்ஜின் திடீரென்று அணையும். செவ்வாய்க்கிழமை அந்தக் கோடு அழியாமல் இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் மாற்றி அனுப்பியிருப்பேன். அப்போது அந்த அம்மாவின் அண்ணன் உடனிருந்தார். தன் தங்கை புருஷனுக்கு அவள் வேலைக்குப் போவதே ஆகாது, எப்போதும் சண்டை, அவன்தான் ஏதோ செய்திருக்கிறான் என்று கத்திக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை கோடு அழிந்திருந்ததை நான் சொன்னதும் அதிகாரி, “அழிச்சது யாரா இருக்கும்?” என்று கேட்டார். “வீட்டுக்காரங்கதான் யாராவது கழட்டி மாட்டியிருக்கணும்” என்றேன். வீட்டில் உள்ளவர்கள் என்ற பொருளில்தான் சொன்னேன். எழுத்தர் ‘வீட்டுக்காரர் கழற்றி மாட்டியிருக்க வேண்டும்’ என்று எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்.

கேள்விக்குப் பதிலாகச் சொல்வது: ஆம், அந்தச் சொல் காதில் விழுந்தது. கணவர் என்று ஆகிவிட்டதும் புரிந்தது. திருத்தச் சொல்லவில்லை. அவராகத்தான் இருக்கும் என்று என் மனதில் இருந்தது. என்னை நான்கு வருடம் சந்தேகப்பட்ட ஆள், மாட்டட்டும் என்றும் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே அவரை வேலையிடத்திலிருந்து அழைத்துப் போனார்கள். இன்றோடு நான்கு நாளாக உள்ளே இருக்கிறார்.

பட்டறைக்குள் வரும் ஒவ்வொரு வண்டியின் டேஷ்போர்டையும் வந்த உடனே போனில் படம் எடுத்துவிடுவேன். பின்னால் பெட்ரோல் குறைந்திருக்கிறது என்று யாரும் பேசக் கூடாது. நேற்று ஞாயிற்றுக்கிழமை பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது செவ்வாய்க்கிழமைப் படம் வந்தது. படம் எடுத்த நேரம் 10:40. அதில் தெரியும் கார் கடிகாரம் 3:20 ஏ.எம். காட்டியது. பழைய வண்டிதானே, கடிகாரம் கண்டபடி ஓடும் என்று தள்ளிவிடப் பார்த்தேன், முடியவில்லை. இந்த வகை வண்டியில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரம் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். மூன்று மணி இருபது நிமிடத்தைக் கழித்தால், மாட்டியது அன்று காலை ஏழு இருபதுக்கு. கணவருக்கு ஆறு மணி ஷிஃப்ட்.

இன்று காலை தொழிற்சாலை வாசலுக்குப் போய்க் காவலாளியிடம் விசாரித்தேன். செவ்வாய்க்கிழமை கணவர் உள்ளே போனது ஐந்து ஐம்பத்திரண்டு, வெளியே வந்தது இரண்டு மணி என்று பதிவைப் பார்த்துச் சொன்னார். அந்த வீட்டில் கணவன் மனைவி இருவர்தான்.

அதன் பிறகு நேரே மருத்துவமனைக்குப் போனேன். அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அந்த அம்மாவிடம் போனில் இருந்த படத்தைக் காட்டி, அன்று காலை ஏழு இருபதுக்குப் பேட்டரியைக் கழற்றி மாட்டியது யார் என்று கேட்டேன். போனை வாங்கிப் பார்த்தார். “ஆமா, நான்தான். தினமும் காலைல நான்தான் கழட்டுவேன்” என்றார். எதற்கு என்று கேட்டேன்.

“இன்னொரு தடவ அந்த லைட்டு எரிஞ்சா வண்டிய வித்துடுவேன்னு சொன்னாரு. வண்டி போனா எனக்கு வேலையும் போச்சு. அதான்.”

கணவரை உள்ளே வைத்திருப்பது தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். “சொன்னா வண்டிச் சாவி இனி என் கைக்கே வராதுங்க” என்று அழுதார். எனக்குக் கோபம் வந்தது. மருத்துவமனை என்றும் பாராமல், “உயிர் போயிருக்கும்மா! பேட்டரியக் கழட்டினா லைட்டு போகும்னு எந்த அரைவேக்காடு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்?” என்று சத்தம் போட்டேன்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்கதான்” என்றார்.

உண்மைதான். போன வருடம் ஒரு நோயாளி வீட்டு வாசலிலிருந்து போன் செய்தார். பெட்ரோல் மூடி சரியாக மூடாததால் எரிந்த விளக்கு அது. நான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். எழுந்து போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு, “மூடிய இறுக்கிட்டு, பேட்டரி மைனஸக் கழட்டிப் பத்து நிமிஷம் கழிச்சு மாட்டுங்க, போயிடும்” என்றேன். எந்த நம்பர் ஸ்பேனர் வேண்டும் என்பதையும் சொன்னேன். அந்த ஸ்பேனரை அந்த அம்மா கைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறார். இந்த விஷயத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் நான்தான்.

அதிகாரி வந்தால் தானும் இதையே சொல்வதாக அந்த அம்மா ஒப்புக்கொண்டார். படம் உள்ள என் போனை ஒப்படைத்திருக்கிறேன். முதல் வாக்குமூலத்தில் அந்த ஒரு சொல்லை அடித்துவிடும்படி கேட்டேன். கையெழுத்துப் போட்டதை அழிக்க முடியாது, புதிதாகத்தான் சொல்ல முடியும் என்று அதிகாரி கூறியதால் இதைக் கொடுக்கிறேன்.

எழுத்தர் இதை வாசித்தபோது ஒவ்வொரு வரியிலும் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். மூன்று இடத்தில் திருத்தினேன். இதில் உள்ளது எல்லாம் நான் சொன்னது, நான் சொன்னது எல்லாம் உண்மை.

(ஒப்பம்)